பாலத்துக்கு ‘தேக்கு’ என்று எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பூங்காக்களிலும் பள்ளித் தோட்டங்களிலும் பண்ணை வீடுகளிலும் உள்ள சிறு மரப்பாலங்களின் குறுக்கே ஒரு கயிறு கட்டப்படும். பலகை இற்றுப்போயிருக்கும், அல்லது கைப்பிடித் தூண் அடியோடு ஆடும். அடுத்த ஆண்டு அந்த இடத்தில், மரக்கட்டை மாதிரி கோடு கிழித்துப் பழுப்பு வண்ணம் அடித்த சிமெண்ட் பாலம் வந்துவிடும். ‘நம்ம ஊர் மழைக்கும் வெயிலுக்கும் மரம் தாங்காது’ என்று சொல்லிக்கொள்வோம். தாங்காமல் போவதற்கு வழி வைப்பது பெரும்பாலும் மதிப்பீட்டில் எழுதப்படும் ஒரே ஒரு வரி: ‘நல்ல தரமான தேக்கு மரத்தில் பாலம் அமைத்தல்’. இந்த வரியை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து இறக்கலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது.

பெரும்பாலான மரங்களுக்குள் இரண்டு மரம் இருக்கிறது. நடுவில் வைரம், அதைச் சுற்றி வெள்ளை. வைரத்தில்தான் பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஆகாத சத்துகள் ஊறியிருக்கும். வெள்ளை, மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏற்றிய பகுதி. அதில் மாவுச்சத்து உண்டு, காப்பு எதுவும் கிடையாது. தேக்கின் வெள்ளையும் மாமரமும் மழையில் கிடந்தால் ஏறத்தாழ ஒரே கதிதான். 8, 10 வயதில் கலைத்து வெட்டும் தோட்டத் தேக்கில் வெள்ளைதான் அதிகம். வெளிநாட்டிலிருந்து வரும் சிறு சுற்றளவுத் தேக்குக் கட்டைகளும் அப்படியே. அதையும் தேக்கு என்றுதான் விற்கிறார்கள், அது பொய்யும் அல்ல.

கண்டுபிடிப்பது எளிது. பலகையின் மேல்முகத்தைப் பார்க்காதீர்கள், முனையைப் பாருங்கள். முனையை இழைப்புளியால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால், தங்கப் பழுப்பில் வைரமும் வெளுத்த மஞ்சளில் வெள்ளையும் கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும். வேங்கையில் இது இன்னும் தெளிவு. நடைப்பலகையின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை இருந்தால், நாலைந்து மழையில் அந்த விரல் அகலம் பஞ்சாகி உதிரும். ஸ்க்ரூ ஓரமாக இருந்தால் அதுவும் பிடி விட்டுவிடும். மரவாடியில் பலகையைக் காட்டும்போது முனையில் வண்ணமோ சுண்ணாம்போ பூசியிருந்தால் சுரண்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வெடிக்காமல் இருக்கப் பூசியதாகவும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்.

இனி மரங்களைப் பற்றி. வைரத் தேக்குக்கு நிகர் இல்லை என்பது உண்மைதான். அது உலகிலேயே உறுதியான மரம் என்பதால் அல்ல. நனைந்து காயும்போது சுருங்கி விரிவது குறைவு, முறுக்காது, உளிக்கும் ஆணிக்கும் இணங்கும். வேங்கை அதைவிடக் கனம், வெளியில் நன்றாக நிற்கும். முதல் மழைகளில் சிவப்புச் சாறு விடும் என்பதால் பக்கத்தில் வெள்ளைச் சலவைக்கல் இருந்தால் யோசியுங்கள். தேக்கும் பழுப்பாகக் கறை விடும், கொஞ்சம் குறைவாக. சால் என்ற வட இந்திய மரம் உத்திரத்துக்கு மிக நல்லது. கனமும் விறைப்பும் தேக்கை விட அதிகம், விலை குறைவு. ஆனால் காயும்போது வெடிக்கும், அதனால் அகலப் பலகையாக வேண்டாம். கருமருதுக்கும் இதே எச்சரிக்கை. ‘மலேசியன் சால்’, ‘கோங்கு’ என்று விற்பவை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வேறு வேறு மரங்கள். பெயரை விட்டுவிட்டுக் கனத்தையும் முனையையும் பாருங்கள்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 401, மரங்களை ஆயுளை வைத்து மூன்றாகப் பிரிக்கிறது. வைரக் கட்டையைப் பாதி மண்ணில் புதைத்து வைத்துப் பார்த்ததில் சராசரியாக 120 மாதமோ அதற்கு மேலோ தாங்குவது முதல் வகை, 60 முதல் 120 மாதம் இரண்டாம் வகை, 60 மாதத்துக்குள் போவது மூன்றாம் வகை. தேக்கும் சாலும் முதல் வகை, மா மூன்றாம் வகை. இது மண்ணில் புதைத்த கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. மண்ணைத் தொடாமல், தண்ணீர் தேங்காமல் வைத்தால் அதே மரம் இதைவிடப் பல ஆண்டு அதிகம் நிற்கும்.

சவுக்கு, தைல மரம், மூங்கில் மூன்றும் பார்க்க அழகாகக் ‘கிராமியத் தோற்றம்’ தரும். சவுக்குக் கழி சாரம் கட்ட நல்லது. பாலத்துக்கு வைத்தால் பட்டைக்கு அடியில் பூச்சி புகுந்து, வெளியே தெரியாமலே உள்ளே மாவாகிவிடும். தைல மரம் காயக் காயத் திருகி வெடிக்கும். மருந்தேற்றாத மூங்கில் மண்ணில் ஊன்றினால் ஓரிரு ஆண்டுதான். வேம்பைக் கரையான் லேசில் தொடாது என்றாலும் முறுக்கும், நீள உத்திரத்துக்கு ஏற்றதல்ல. யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு மரத்துக்காக இங்கே ஒரு வார்த்தை பேச வேண்டும்: சீமைக் கருவேலம். வேரோடு பிடுங்கச் சொல்லி நீதிமன்றம் வரை போன மரம். வயதான தூர்க்கட்டையின் வைரம் கனமானது, நனைந்து காய்ந்தாலும் மிகக் கொஞ்சமே சுருங்கும். நேராக நீளம் கிடைக்காது என்பதுதான் குறை. ஆனால் நடைப்பலகைக்குத் தேவை நாலடிதானே! மூன்று அங்குல அகலப் பட்டிகளாக அறுத்துப் போட்டால் அருமையான தளம். அறுப்புக்கூலி கூடும், ரம்பம் அடிக்கடி மழுங்கும்.

பனையைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். வாய்க்காலுக்குக் குறுக்கே பனந்தண்டைப் போட்டு நடந்த ஊர்கள் நம்முடையவை. மற்ற மரங்களில் வைரம் உள்ளே, பனையில் வெளியே. முதிர்ந்த பனையின் வெளிவட்டத்தில் கறுப்பு நார் நெருக்கமாக ஓடும் பகுதி இரும்புதான், உள்ளே இருக்கும் சோற்றி தண்ணீரை உறிஞ்சும். பனங்கை, அதாவது பனையில் அறுத்த கூரைச் சட்டம், வீட்டுக் கூரையில் தலைமுறை தாண்டி நின்றது, மேலே ஓடு மூடியிருந்ததால். திறந்த மழையில் உட்பக்கத்துச் சோற்றியை முழுக்கச் செதுக்கி எடுக்காமல் போட்டால் அதன் வழியாகவே ஈரம் ஏறும். நாரின் ஓரங்களில் வரும் சிலாம்பு காலில் ஏறினால் எடுப்பது பாடு, ஆகவே கைப்பிடிக்கும் நடைதளத்துக்கும் பனை வேண்டாம். இதற்காகப் பச்சைப் பனையை வெட்டவும் கூடாது. அது மாநில மரம்; வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பனங்கை என்றால் தாராளமாக, உத்திரத்துக்கு மட்டும்.

பட்ஜெட் குறைவு என்றால் மருந்தேற்றிய பைன். இங்கே ஒரு பெரிய குழப்பம் நடக்கிறது. இறக்குமதிப் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகையில் ‘எச்.டி.’ என்று ஒரு முத்திரை இருக்கும். ‘டிரீட் பண்ணின மரம்’ என்று கடைக்காரர் அதைக் காட்டுவார். அது பூச்சியைக் கொல்வதற்காகச் சூடேற்றியதற்கான முத்திரை. பூஞ்சைக்கும் கரையானுக்கும் அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை, பாலத்தில் போட்டால் சீக்கிரமே மக்கும். நமக்கு வேண்டியது உருளைக்குள் வைத்து அழுத்தத்தில் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம். நியூசிலாந்து பைன் என்றால் ‘எச்3’ தரம் மண்ணுக்கு மேல் இருக்கும் பாகங்களுக்கு, ‘எச்4’ மண்ணைத் தொடும் பாகங்களுக்கு. தூரிகையால் பூசும் மருந்து ஓரிரு மில்லிமீட்டர்தான் இறங்கும். போரான் உப்பு மழையில் கரைந்து போய்விடும், அது வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்குத்தான் சரி. உலகம் முழுக்கப் பரவிய செம்பு-குரோமியம்-ஆர்சனிக் மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவர் சொந்தி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானி. ஆர்சனிக் இருப்பதால் பல நாடுகளில் வீட்டுப் பயன்பாட்டுக்கு இப்போது அதைக் கட்டுப்படுத்தி விட்டார்கள். குழந்தைகள் கை வைக்கும் கைப்பிடிக்கும், மீன் விட்ட குளத்துக்கு மேலும் அது வேண்டாம். மருந்தேற்றிய மரத்தின் வெட்டுத்தூளை எரிக்கவும் கூடாது, உரக்குழியில் போடவும் கூடாது.

வாங்கிய மரம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஈரமானி இல்லாவிட்டாலும் சமையலறைத் தராசு போதும். பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டி எடை போடுங்கள். ஓவன் அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேல், எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி எடை போடுங்கள். முதலில் 240 கிராம், கடைசியில் 200 கிராம் என்றால் குறைந்த 40-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும்: ஈரம் 20 சதவீதம். அந்த எல்லைக்குக் கீழே மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. பாலத்துக்கு 15-லிருந்து 18 வரை இருந்தால் நன்று. 30-க்கு மேல் உள்ள பச்சை மரத்தை முடுக்கினால் மூன்று மாதத்தில் பலகை கிண்ணம்போல் குழியும், போல்ட் எல்லாம் தளரும்.

அளவுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓடை 9 அடி, நடை அகலம் 4 அடி. இரு கரைத் தாங்கிகளின் நடுவிலிருந்து நடு 10 அடி, உத்திர நீளம் 11 அடி. சதுர மீட்டருக்கு 400 கிலோ ஆள் பாரம் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒன்றாக நின்று படம் எடுப்பார்கள், குறைத்துப் போடக் கூடாது. 21 அங்குல இடைவெளியில் மூன்று தேக்கு உத்திரங்கள். மூணுக்கு ஆறு அங்குலக் கட்டை போட்டால் முழுப் பாரத்தில் நடு உத்திரம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் தொங்கும். உடையாது, ஆனால் நடக்கும்போது துள்ளும், துள்ளத் துள்ள ஸ்க்ரூ தளரும். மூணுக்கு ஏழு போட்டால் தொய்வு 8 மில்லிமீட்டர் சொச்சம். ஓர் அங்குல உயரத்தில் இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம், விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதுதான். அகலத்தைக் கூட்டுவதில் அவ்வளவு பயன் இல்லை. உத்திரத்தைப் படுக்கவைத்துப் போடுவது தெரியாமல் செய்யும் தவறு, அடிக்கடி நடக்கிறது.

நடைப்பலகை ஐந்தரை அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன். ஓர் அங்குலம் போதும் என்பார்கள். உத்திரங்களுக்கு நடுவே உள்ள 21 அங்குல இடைவெளிக்கு ஒருவர் குதித்தால் அது போதாது, கணு இருந்த இடத்தில் பிளக்கும். 11 அடிக்கு 23 பலகை. உத்திரத்துக்கு 4.8 கன அடி, பலகைக்கு 5.3, இரு பக்கக் கைப்பிடிக்கு 3.3 என்று சேர்த்து, கழிவுக்கு 15 சதவீதம் கூட்டினால் மொத்தம் 15 முதல் 16 கன அடி. பள்ளி என்றால் கைப்பிடியில் 4 அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது, குத்துச்சட்டங்களுக்கு இன்னும் இரண்டு கன அடி ஆகும்.

மரம் எதுவானாலும் பாலத்தின் ஆயுள் முடிவாவது நான்கைந்து இடங்களில்தான். முதலில், பலகை உத்திரத்தின் மேல் உட்காரும் இடம். அங்கே புகுந்த தண்ணீர் வெயில் அடித்தாலும் காயாது. ஸ்க்ரூ ஓட்டை வழியாக உத்திரத்துக்குள்ளேயே இறங்கும். நடைப்பலகையை மாற்றிக்கொள்ளலாம், உத்திரம் போனால் பாலமே போச்சு. உத்திரத்தின் தலைமேல் நீள வாக்கில் பிட்டுமன் டேப்போ தார் ஷீட்டோ, இரு பக்கமும் அரை அங்குலம் வெளியே நீட்டி மடங்கும்படி ஒட்டிவிட்டுப் பலகையை அடித்தால் தண்ணீர் சொட்டாக வெளியே விழும். பலகைக்கும் பலகைக்கும் இடையே 5, 6 மில்லிமீட்டர் சந்து வேண்டும். நாலங்குல ஆணியை நடுவில் வைத்து அடித்துக்கொண்டே போனால் அளவு தப்பாது. அழகுக்காகச் சந்து விடாமல் நெருக்கிப் போட்ட தளம் மழையில் உப்பி மேலே தூக்கும், சருகு அடைத்து ஈரம் பிடிக்கும்.

இரண்டாவது இடம் பலகையின் முனை. மரம் குழாய்க்கட்டு மாதிரி, பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். வெட்டிய அன்றே முனைக்கு எபாக்சியோ கெட்டியான வண்ணமோ இரண்டு பூச்சு. துளையிட்ட உட்பக்கத்துக்கும் அப்படியே. மருந்தேற்றிய பைனை வெட்டினால் வெட்டிய முகத்தில் மருந்து மறுபடி பூச வேண்டும்.

மூன்றாவது, உத்திரம் கரையில் உட்காரும் இடம். மண்ணிலோ, மூன்று பக்கமும் சுவர் வைத்த குழியிலோ உத்திர முனையைப் புதைக்கக் கூடாது. தரைக்கு அரையடி உயர்த்திய கான்கிரீட் தாங்கி, அதன் மேல் தடித்த ரப்பர் துண்டு, பின்புறச் சுவருக்கும் முனைக்கும் நடுவே ஓர் அங்குலக் காற்றுவழி. கரையான் மண்புற்று எழுப்பிக்கொண்டு ஏறினாலும் கண்ணில் படும். நான்காவது, கைப்பிடித் தூணின் அடி. அதைக் கான்கிரீட்டுக்குள் நட்டு ‘சிமெண்ட்டில் போட்டாச்சு, அசையாது’ என்று சொல்வது நம் ஊர் வழக்கம். மரம் சுருங்கியதும் சுற்றிலும் ஒரு மயிரிழை சந்து விழும், அந்தக் கான்கிரீட் கிண்ணமாகித் தண்ணீரைத் தேக்கும். தரை மட்டத்தில் தூண் இற்று விழுவது இதனால்தான். தூணை உத்திரத்தின் பக்கத்தில் 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு போட்டு நிறுத்துங்கள். தரையில் நிறுத்தியே ஆக வேண்டுமானால் இரும்புக் காலணியில், தரைக்கு இரண்டு அங்குலம் மேலே.

ஸ்க்ரூ விஷயத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. சாதா இரும்பு, துவர்ப்புள்ள மரத்தில் கறுப்புக் கறை விட்டுத் தானும் அரித்துப் போகும். செம்பு மருந்து ஏற்றிய மரத்தில் அது இன்னும் வேகம். துருப்பிடிக்காத எஃகில் (எஸ்.எஸ்.) 304 தரம்; கடற்கரை ஊர்களில் 316. மூன்று அங்குலம், 10-ஆம் நம்பர், பலகை ஒன்றுக்கு உத்திரத்துக்கு இரண்டு வீதம் 138 வரும், 150 வாங்குங்கள். பலகையில் 5 மில்லிமீட்டர் துளை, உத்திரத்தில் மூன்றரை மில்லிமீட்டர். துளை போடாமல் வேங்கையிலும் சாலிலும் முடுக்கினால் பலகை பிளக்கும், அல்லது ஸ்க்ரூவின் தலை கையோடு வரும்.

வளைவுப் பாலம் கேட்பவர்களுக்கு ஒன்று. அகலப் பலகையில் வில் வரைந்து ரம்பத்தால் வெட்டி எடுக்கும் உத்திரத்தில் இழை குறுக்கே அறுபடும். வில்லின் இரு முனைப்பக்கமும் இழை ஓரத்தோடு வெளியேறும் இடத்தில்தான் பிளவு வரும். ஆறடிக்குள் அலங்காரத்துக்கு என்றால் சரி. அதற்கு மேல் நேர் உத்திரமே நல்லது. வளைவு தெரியத்தான் வேண்டுமென்றால் வெளிப்பக்கத்தில் ஒரு முகப்புப் பலகையை வில்லாக வெட்டி மாட்டிக்கொள்ளலாம்.

பளபளவென்று வார்னிஷ் அடிப்பது வீண். வெயிலில் அதன் படலம் வெடிக்கும், வெடிப்பு வழியே போன தண்ணீர் படலத்துக்கு அடியில் சிறைப்படும். வெளிமரத்துக்கான எண்ணெய்ப் பூச்சு ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசிக்குள். அல்லது ஒன்றும் பூசாமல் விட்டால் தேக்கு சாம்பல் நிறமாகும், ஆயுள் குறையாது. வண்டியில் இறக்கிய கறுப்பு ஆயிலைப் பூசும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். நடை வழுக்கும், முதல் மழையிலேயே குளத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். தையில் ஒருமுறை ஸ்க்ரூடிரைவர் முனையால் உத்திரத்தின் தலையையும் தூணின் அடியையும் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பொதுப் பணத்தில் கட்டும் பாலங்களுக்கு மதிப்பீட்டு வரியை இப்படி எழுதச் சொல்லித்தான் இந்தக் கடிதம்: ‘தேக்கு, வேங்கை அல்லது சால், வைரப் பகுதி மட்டும், வெள்ளை கூடாது, ஈரம் 18 சதவீதத்துக்குள், பலகை 38 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எஸ்.எஸ். திருகாணி, உத்திரத் தலையில் நீர்த்தடுப்புப் பட்டை, மரம் மண்ணையும் கான்கிரீட்டையும் நேரடியாகத் தொடக் கூடாது, மரம் வாங்கிய ரசீதும் வனத்துறை அனுமதிச் சீட்டும் இணைக்க வேண்டும்.’ மரம் வந்து இறங்கும் அன்று பொறுப்பாளர் ஒருவர் இழைப்புளியும் ஈரத்துணியும் வைத்துக்கொண்டு முனைகளைப் பார்த்துவிட வேண்டும். முன்கூட்டியே வண்ணம் அடித்துக் கொண்டுவரும் பலகையை வண்டியிலிருந்து இறக்கவே விடக் கூடாது.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளர்கள் சிலர்,
கும்பகோணம்.